சிம்ப்ளக்ஸ் பிளஸ் மெட்டல் டிடெக்டர்: கிருஷ்ணகிரி செம்மண்ணில் இரண்டு வருடம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாகப் படிப்பவர்களுக்கு உதவும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடும்) வசதி இல்லாத மெஷினை வாங்கவே வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. இரண்டு வருடமாக என்னிடம் இருப்பது நோக்டா கம்பெனியின் சிம்ப்ளக்ஸ் பிளஸ். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மறுபடி வாங்கச் சொன்னாலும் இதைத்தான் வாங்குவேன். புதையல் எடுக்கும் எண்ணத்தில் இதைப் படிக்க வந்திருந்தால் அதைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் போகாதீர்கள்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பும் அதை ஒட்டிக் கொஞ்சம் மேட்டுக்காடும் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு சித்தப்பா வீட்டுக் கறவை மாடு ஒன்று தீனி எடுக்காமல், முதுகை வளைத்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல் நின்றது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கம்பியோ ஆணியோ வயிற்றுக்குள் குத்தியிருக்கிறது என்றார். மாடு நம்மைப் போல மென்று பார்த்து விழுங்குவதில்லை, நாக்கால் சுருட்டி அப்படியே உள்ளே தள்ளிவிடும், பிறகுதான் அசைபோடும். புல்லோடு போகும் ஆணி இரண்டாவது வயிற்றறையில் தங்கிவிடுகிறது. அதற்குச் சற்று முன்னால்தான் இதயம் இருக்கிறது, கம்பி நகர்ந்தால் அதுவரைக்கும் போய்விடும். அந்த மாட்டை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தீவனப்புல் போட்டிருக்கும் அரை ஏக்கரில் இன்னும் எத்தனை கம்பித் துண்டு கிடக்கிறதோ என்ற நினைப்பு என்னை விடவே இல்லை, அப்படித்தான் இந்த மெஷின் பக்கம் வந்தேன். பொழுதுபோக்கு என்பதெல்லாம் அப்புறம் ஒட்டிக்கொண்டது.

முதலில் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கினேன், பெயர் வேண்டாம். வீட்டு வாசலில் சிமெண்ட் தரையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுக் காட்டினால் அழகாகக் கத்தியது. காட்டுக்குள் கொண்டுபோனதும் நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தது. தரைக்கு மேல் வீசித் தேடும் வட்டத் தட்டான காயிலைத் தூக்கினால் சத்தம், இறக்கினால் சத்தம், வெறும் மண்ணில் சத்தம். பத்து இடம் தோண்டினேன், பத்திலும் மண்தான். மெஷின் பழுது என்றுதான் நினைத்தேன். ஆனால் காரணம் நம் மண்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழை பெய்து ஓய்ந்த பிறகு ஓடைக்கரை மணலில் இழுத்துக்கொண்டு போங்கள். கருப்பாக மீசை முளைத்த மாதிரி பொடி ஒட்டிக்கொண்டு வரும். அது காந்த இரும்புத்தாது. நம் பாறைகள் தேய்ந்து உதிர்ந்த மண் முழுக்க இது கலந்திருக்கிறது, செம்மண்ணின் சிவப்பும் இரும்புதான். டிடெக்டர் தரைக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்பி, அது உலோகத்தில் உண்டாக்கும் சின்ன மின்சுழலைத் திரும்பக் கேட்கிறது. தரையே அந்தக் காந்தப்புலத்துக்குப் பதில் சொன்னால், பாவம், மெஷின் எதைக் கேட்கும்? வீடியோவில் வெளிநாட்டுக்காரர் கருப்பு மண் புல்வெளியில் நடந்து நாணயமாக எடுப்பதைப் பார்த்துவிட்டு அதே மெஷினை இங்கே வாங்கினால் அதே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் மண் வேறு, நம் மண் வேறு.

கிரவுண்ட் பேலன்ஸ் என்பது, இந்த இடத்து மண்ணின் சத்தம் இப்படித்தான் இருக்கும், இதைக் கழித்துவிட்டு மற்றதைச் சொல் என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது. சிம்ப்ளக்ஸில் இது ரொம்பச் சுலபம். கீழே உலோகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, பட்டனை அழுத்திப் பிடித்தபடி காயிலைத் தரைக்கு மேலே நீர் இறைப்பது போல ஏற்றி இறக்க வேண்டும், சில முறை செய்ததும் ஒரு எண் வந்து நிற்கும், அவ்வளவுதான். எங்கள் மேட்டுக்காட்டில் ஒரு எண் வருகிறது, நூறடி தள்ளிப் பாறை எட்டிப்பார்க்கும் ஓரத்தில் அதைவிடக் கூடுதலாக வருகிறது, தென்பெண்ணைக் கரை மணலில் அதுவும் இல்லாமல் வேறொன்று. அதனால் இடம் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். மண் நிறம் மாறினால் நின்று செய்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் நாள் இதைச் செய்துவிட்டுக் காயிலை வீசினபோது மெஷின் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் எனக்குப் பெரிய சந்தோஷம், முதல் மெஷினோடு மூன்று மாதம் போராடினவனுக்குத்தான் அது புரியும்.

மெஷினைப் பற்றிய மற்ற விவரம்: துருக்கியில் செய்கிறார்கள், 2019 கடைசியில் வந்த மாடல். இப்போது அதே வரிசையில் அல்ட்ரா என்று புதியது வந்துவிட்டது, பழையது பாதி விலைக்குக் கைமாறிக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 12 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது, 11 அங்குலக் காயில், எடை 1.3 கிலோ, மூன்று மீட்டர் ஆழத் தண்ணீர் வரை தாங்கும். எனக்கு இதைத் துபாயிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்தார், எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி ஆனது. சின்னத் தொகை இல்லை என்று தெரியும். ஒரு கறவை மாட்டின் விலையோடு வைத்துப் பார்த்தேன், மனம் சமாதானம் ஆகிவிட்டது.

தீவனக்காட்டை மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சலித்து எடுத்தேன். கிடைத்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: முள்கம்பித் துண்டுகள், கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்த தகர ஆணிகள், கோணி தைக்கும் ஊசி ஒன்று, கம்பி மத்தாப்பின் கம்பிகள் ஒரு கைப்பிடி. தீபாவளி முடிந்ததும் பிள்ளைகள் கையிலிருப்பதை வீசிவிட்டு ஓடுகிறார்கள், அது அப்படியே புல்லுக்குள் கிடந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு சித்தப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், வேறு எதற்கும் வேண்டாம், இதற்காகவாவது பத்து வீடு சேர்ந்து ஒரு மெஷின் வாங்கி வைக்கலாம்.

இப்போது எண்கள். கீழே என்ன இருக்கிறது என்பதற்குத் திரையில் 0 முதல் 99 வரை ஒரு எண் காட்டும். இரும்பு கீழ்ப்பக்கம், வெள்ளி, செம்பு மேல்பக்கம். வெளிநாட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், நம் நாணயத்துக்கு அது பொருந்தாது. இன்று நாம் புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் காந்தம் ஒட்டும் எஃகு. காயிலுக்கு அது இரும்புக் குடும்பம். அதனால் எண் நிலையாக நிற்காமல் தாவும். பழைய பத்துப் பைசா, இருபது பைசா அலுமினியம் என்பதால் எண் தெளிவாக ஒரே இடத்தில் நிற்கும், சத்தமும் மணி அடித்த மாதிரி இருக்கும். எங்கள் தோப்பில் ஓரம் வளைந்து பூ மாதிரி இருக்கும் பத்துப் பைசா ஏழு எடுத்திருக்கிறேன், ஆறு பக்கம் கொண்ட இருபது பைசாவும் உண்டு. 25 பைசாவும் அதற்குக் கீழானதும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன, ஆனாலும் அவற்றைக் கழுவித் துடைத்துப் பாட்டி கையில் கொடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன வாங்கலாம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தங்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தங்கத்துக்கு என்று தனி எண் கிடையாது. சின்ன மோதிரம், மூக்குத்தி எல்லாம் நடுப்பகுதிக்குக் கீழே விழும், அதே எண்ணில்தான் மாத்திரை அட்டையின் தாளும், பான் மசாலா கவரும், பூச்சிமருந்து பாட்டில் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளும் விழுகின்றன. குப்பை வேண்டாம் என்று அந்த எண்களுக்குச் சத்தம் வராதபடி மூடிவிட்டால் தங்கத்தையும் சேர்த்து மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம். தொலைந்த தங்கத்தைத் தேடப் போனால் எல்லாவற்றையும் திறந்துவைத்து, குப்பையைப் பொறுக்கிக்கொண்டேதான் போக வேண்டும். வேறு வழி இல்லை.

சங்கிலி இன்னும் கஷ்டம். மெல்லிய செயினை மெஷின் ஒரு பொருளாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்க்கிறது, தனிக்கண்ணி ரொம்பச் சிறியது. போன தையில் பக்கத்துக் காட்டு அக்கா ஒருவர் வந்தார், நிலக்கடலை பிடுங்கும்போது மகளின் கொலுசு ஒன்று விழுந்துவிட்டதாம், வயசுக்கு வந்தபோது மாமன் சீராக வந்த கொலுசு. எட்டுப் பேர் பிடுங்கின காடு, எந்தச் சால் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் அழுது அழுது கண் வீங்கி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். கொலுசில் கண்ணிகளைவிட அதன் திருகும், சலங்கை முத்தும்தான் கொஞ்சம் கனமானவை, காயில் அதைத்தான் பிடிக்கும். அதனால் காயிலைத் தரையை உரசுகிற மாதிரி தாழ்த்தி, சால் சாலாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி படும்படி ரொம்ப மெதுவாகப் போனேன். ஒன்றரை மணி நேரம். இடையில் கிடைத்தவை ஒரு லாடம், மூன்று சோடா மூடி, உடைந்த கொழு முனை. பதினாலாவது சாலில், கொடியைக் குவித்து வைத்த இடத்துக்குக் கீழே, மேலுக்கு மேலாகவே கிடந்தது. சத்தம் ரொம்பச் சின்னதாகத்தான் வந்தது, வேகமாக வீசியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி மாதிரி வந்தீங்க தம்பி" என்றார். வீட்டுக்கு அரை மூட்டை கடலை வந்து சேர்ந்தது, வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் தேடுவது காட்டைவிடச் சிரமம், அதையும் சொல்ல வேண்டும். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த படுக்கையில் உலோகச் சுருள் இருந்தது அதைக் குழப்பிவிட்டது என்று சொல்கிறார்கள். இரும்புக் கட்டில், கான்கிரீட் கம்பி, பீரோ இருக்கிற அறையில் மோதிரம் தேடித்தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும். கட்டிலை வெளியே போட்டுவிட்டு, துடைப்பத்தால் பெருக்கி, குப்பையை முற்றத்தில் கொட்டி அதன் மேல் காயிலை ஓட்டுங்கள். பாதி நேரம் அதிலேயே கிடைத்துவிடும்.

ஆழம். நம் மண்ணில் நாணயம் அளவுப் பொருள் ஒரு சாணுக்குள் இருந்தால் நம்பிக்கையாகச் சொல்லும், அதற்குக் கீழே போனால் சொன்னாலும் சொல்லும், விட்டாலும் விடும். பெரிய பொருள், உதாரணமாகப் புதைந்த இரும்புக் குழாய், இன்னும் ஆழத்தில் கேட்கும். யாராவது பத்தடி, இருபதடி ஆழத்தில் தங்கக் காசு காட்டும் என்று மெஷின் விற்றால் பேசாமல் வந்துவிடுங்கள். அதைவிட மோசம், கையில் இரண்டு ஆண்டெனா வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கத்தைக் காட்டும் என்று லட்சக்கணக்கில் விற்கும் கருவி. அதற்குள் வேலை செய்யும் பாகம் எதுவும் கிடையாது. இதே மாதிரி ஆண்டெனா வைத்த போலிக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு பிரிட்டனில் 2013-ல் பத்து வருடச் சிறை கொடுத்தார்கள். கிணறு வெட்டின கடனே இன்னும் அடைக்காத ஒருவர் அப்படி ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், நல்லவேளை கொடுக்கவில்லை.

குறை என்று பார்த்தால், பேட்டரி உள்ளேயே வைத்துக் கட்டியது, காட்டில் நின்றுவிட்டால் மாற்றிப் போட முடியாது. முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டுவிட வேண்டும். 11 அங்குலக் காயில் வெட்டவெளிக்கு அருமை, ஆனால் கடலைச் சாலுக்கு இடையிலும், மாமரத்து வேர்களுக்கு இடையிலும் நுழையாது. சின்னக் காயில் தனியாகக் கிடைக்கிறது, நகை தேடுவதுதான் நோக்கம் என்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள். ஒரே ஒரு அலைவரிசையில் ஓடும் மெஷின் என்பதால் கடற்கரையில் ஈர உப்பு மணலில் பல அலைவரிசை மெஷின்கள் இதைவிட நன்றாக ஓடும். நமக்குக் கடலே இல்லை, அது நம் கவலை இல்லை. கைவலி வருகிறது என்பார்கள், முழங்கைத் தாங்கியைச் சரியாக அமைத்துக்கொண்டு, வீசும்போது தோளிலிருந்து வீசாமல் இடுப்போடு சேர்ந்து திரும்பினால் குறையும். தோண்ட எதுவும் தனியாக வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கும் களைக்கொத்து போதும். ஆனால் சத்தம் வந்த இடத்தின் நடுவில் கொத்தாதீர்கள், ஒரு ஜாண் தள்ளி மண்ணைப் பாளமாகப் புரட்டுங்கள். கொலுசைக் கொத்தோடு இரண்டாக்கினால் கண்டுபிடித்து என்ன பயன்? குழியை மூடிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும், திறந்த குழியில் ஆடு கால் விட்டு ஒடித்துக்கொள்ளும்.

இனிப் புதையல். இந்த மெஷினோடு ஊருக்குள் நடந்தால் நாலு பேர் பின்னாலேயே வருவார்கள். வரட்டும், நான் திரையைக் காட்டுவேன், பிள்ளைகள் கையில் கொடுத்து ஓட்டச் சொல்வேன், ஒரு ஆணியை அவர்களே எடுத்துவிட்டால் மர்மம் போய்விடும். ஆனால் ஒரு நாள் இரவு இரண்டு பேர் வந்தார்கள். வேடியப்பன் கல்லுக்கு அடியில் பொருள் இருக்கிறதாம், அமாவாசையில் பூஜை போட்டுவிட்டு எடுக்கலாம், பாதிக்குப் பாதி. நான் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். நாம் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லில் பல, ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்காகவும் புலியைக் குத்திச் செத்தவனுக்காகவும் நட்ட நடுகற்கள். அதன் அடியைத் தோண்டினால் கல் சாயும், அந்த ஆளின் கதையும் சாயும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறை வரைக்கும் போகும். சொந்த நிலம் என்பது சாக்கு ஆகாது. நூறு வருடம் பழைய காசும் சிலையும் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள், இஷ்டப்படி விற்க முடியாது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டை, கல்திட்டைகள், கல்வட்டங்கள் போன்ற பழங்கால ஈமச் சின்னங்கள் இருக்கும் பக்கம் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்தவற்றை ஆராய்ந்துதான் தமிழ்நாட்டில் இரும்பு 4,200 வருடம் பழையது, கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். அந்தக் காலக்கணக்கு எப்படி வந்தது? எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் எந்தப் பொருள் கிடந்தது என்பதை அளந்து குறித்து எடுத்து, கூடவே கிடைத்த கரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்ததால் வந்தது. களைக்கொத்தால் ஒருவன் ஒரு துருப்பிடித்த கத்தியைப் பிடுங்கி எடுத்திருந்தால் அது வெறும் துரு, பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கு. நான் ஒரே ஒரு முறை, வரப்பு ஓரத்தில் பழங்காலத்துக் கருப்பு சிவப்பு மண்பாண்ட ஓட்டுச் சில்லும் இரும்புக் கசடும் சேர்ந்து வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்படியே மண்ணை மூடி, போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்தில் போய்க் காட்டினேன். அந்த மூலையை இன்றுவரை டிராக்டர் விட்டு ஆழ உழுவதில்லை.

மற்றபடி இது காலை ஆறிலிருந்து எட்டரை வரைக்குமான சுகம். அதற்கு மேல் நம் வெயிலில் முடியாது. ஹெட்போன் போட்டால் ஊர்ச் சத்தம் போய்விடும், மண்ணின் சத்தம் மட்டும். தாத்தா காலத்து மாட்டு லாடம், வண்டிச் சக்கரத்து ஆணி, யாருடையதோ ஒற்றை மெட்டி. கோடையில் அணைத் தண்ணீர் இறங்கின ஓரத்தில் வலைக்காரர்களின் ஈயக் குண்டுகள் நிறைய வரும், அவற்றை அவர்களிடமே கொடுத்துவிடுவேன், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். ஆற்றில் ஆடிப்பெருக்குக்குப் போட்ட காசு அகப்பட்டால் எடுப்பதில்லை. ஆற்றுக்கு என்று கும்பிட்டுப் போட்டது, அது ஆற்றிலேயே இருக்கட்டும்.

மெஷினை வாடகைக்குக் கேட்கிறார்கள், கொடுப்பதில்லை. எங்கே போகிறது, எதற்கு அடியில் தோண்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதே. பொருள் தொலைந்தது என்றால் நானே வருகிறேன், ஞாயிறு காலை, காசு வேண்டாம். நான் வருகிற வரைக்கும் இரண்டு காரியம் மட்டும் செய்து வையுங்கள். கடைசியாக அது உடம்பில் இருந்த இடத்திலும், காணோம் என்று தெரிந்த இடத்திலும் இடத்துக்கொரு குச்சி நட்டுவிடுங்கள். இரண்டு குச்சிக்கும் நடுவில் உழவோ, தண்ணீர் பாய்ச்சவோ வேண்டாம்.